இறக்கி முடியாத சுமை

இலண்டன் மாநகரின் ஊடே ஓடிவரும் தேம்சு ஆறு, வடகடலொடு கலக்குமிடத்தில் பரந்ததொரு கழிமுகமாக விரிகின்றது. அக்கழிமுகத்தின் தென்கரையில், மெட்வே ஆறு வந்து சேரும் வாயிலருகே, ஷெப்பித் தீவின் முனையில் ஷீர்னெஸ் என்னும் நகர் இருக்கின்றது. அந்நகரின் கடற்கரையில் நின்று நோக்கியவர்கள், ஒன்றரை மைல் தொலைவில் நீருக்கு மேல் மூன்று கம்பங்கள் எழுந்து நிற்பதை எண்பது ஆண்டுகளாகக் கண்டு பழகியிருக்கின்றனர்.

அக்கம்பங்களுக்குக் கீழே, மணலில் அமிழ்ந்து, இரண்டாகப் பிளந்து கிடப்பது ஓர் அமெரிக்கச் சரக்குக் கப்பல். ரிச்சர்ட் மாண்ட்கோமரி என்பது அதன் பெயர். அதன் முன்புறச் சரக்கறைகளில் இன்னமும் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்து இருக்கின்றது.

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை வகுப்பறையில் பயிற்றும்போது தளபதிகளின் பெயர்களைச் சொல்கின்றோம். போர்க்களங்களைப் படத்தில் காட்டுகின்றோம். ஆண்டுகளை மனப்பாடம் செய்விக்கின்றோம். படைகளுக்கு உணவும் எண்ணெயும் குண்டும் சுமந்து சென்ற சரக்குக் கப்பல்களைப் பற்றிப் பாடநூலில் ஒரு பத்தி இருந்தாலே பெரிது. ரிச்சர்ட் மாண்ட்கோமரி எந்தக் கடற்போரிலும் பெயர் பெற்றதன்று. பகைவரின் குண்டு பட்டு அது வீழவுமில்லை. ஆயினும் போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் அரசாங்கத்தை ஆண்டுதோறும் கவலையுறச் செய்யும் கப்பல் அதுதான். அக்கவலை எவ்வாறு தோன்றியது என்பதை அறிய, அக்கப்பல் எந்த அவசரத்தில் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1940ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரிட்டன் பெரும் நெருக்கடியில் இருந்தது. அது தீவு நாடு. உண்ணும் கோதுமை முதல் ஆலைக்கு வேண்டிய மூலப்பொருள் வரை பெரும்பகுதி கடல் வழியேதான் வரவேண்டும். செருமானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்த வேகத்துக்கு ஈடாகப் புதியன கட்ட அந்நாட்டுத் தளங்களால் இயலவில்லை. ஆகவே, சண்டர்லாந்து நகரில் வழிவழியாகக் கப்பல் கட்டிவந்த குடும்பத்தைச் சேர்ந்த சிரில் தாம்சன் என்பவரின் தலைமையில் ஒரு குழு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அறுபது சரக்குக் கப்பல்களைக் கட்டித் தருமாறு கேட்பதே அதன் பணி. தாம்சன் கையோடு கொண்டு சென்ற வரைபடங்கள் தம் குடும்பத் தளத்தில் கட்டிய எளிய சரக்குக் கப்பலின் வரைபடங்களே. பேச்சு முடிந்து அவர் ஊர் திரும்பிய கப்பலே 1940 டிசம்பர் 14ஆம் நாள் நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கியது. உயிர்காப்புப் படகில் ஏறித் தப்பிய தாம்சன், தம் ஆவணப் பையையும் விடாது காத்துக் கொணர்ந்தார். எந்தக் கேட்டைத் தடுக்கக் கப்பல் கேட்கச் சென்றாரோ அந்தக் கேட்டையே வழியில் தாமும் பட்டறிந்தார்.

பிரிட்டனுக்கென வகுத்த அத்திட்டத்தை அமெரிக்கர் தங்களுக்கும் எடுத்துக்கொண்டனர். சில மாற்றங்களுடன் அதுவே 'லிபர்ட்டி' வகைக் கப்பலாயிற்று. 'லிபர்ட்டி' என்பதற்கு விடுதலை என்பது பொருள். பெயர் பெரிதாயினும் உருவம் எளிது. நீளம் 441 அடி. சுமக்கும் எடை ஏறத்தாழ 10,000 டன். வேகம் மணிக்குப் பதினொரு கடல் மைல். உள்ளிருந்த நீராவிப் பொறியோ, அக்காலத்துக்கே பழமையானது. முன்பே வழக்கொழிந்து வந்த பொறியைப் புதிய கப்பலில் ஏன் பொருத்தினர் என மாணவர்கள் கேட்கலாம். அக்காலப் புதுமையான சுழலிகள் அனைத்தும் போர்க்கப்பல்களுக்கு வேண்டியிருந்தன. பழைய பொறியையோ, கப்பல் தொழிலுக்குத் தொடர்பில்லாத தொழிற்சாலைகளும் செய்து தர முடியும். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே இவ்வகைக் கப்பலின் தோற்றத்தைக் கண்டு முகஞ்சுளித்தார் என்பர். அழகு பார்க்கும் நேரமன்று அது.

உண்மையான புதுமை கட்டும் முறையில் இருந்தது. அதுவரை கப்பலின் இரும்புத் தகடுகளைத் தறையாணி அறைந்து இணைத்தனர். அத்தொழிலில் கைதேரப் பல ஆண்டுகள் ஆகும். லிபர்ட்டிக் கப்பல்களில் தகடுகள் பெரும்பாலும் பற்றவைத்து இணைக்கப்பட்டன. பற்றவைப்பைச் சில வாரங்களில் கற்பிக்கலாம். உழவரும் கடை ஊழியரும் அதுவரை வீட்டைவிட்டு வேலைக்குச் செல்லாத பெண்களும் கட்டுந்தளங்களுக்கு வந்து அதனைக் கற்றனர். கப்பலின் பகுதிகளைத் தனித்தனியே தரையில் ஆக்கி, பாரந்தூக்கியால் எடுத்து வந்து பொருத்தினர். முதற் கப்பலான பேட்ரிக் ஹென்றி 1941 செப்டம்பர் 27ஆம் நாள் பால்டிமோரில் நீரில் இறக்கப்பட்டது. அதனைக் கட்ட ஏறத்தாழ எட்டுத் திங்கள் ஆயின. பின்னர் வேலை பழகப் பழக, ஒரு கப்பலுக்குச் சராசரி ஆறு வாரமே போதுமானதாயிற்று. 1942 நவம்பரில் கலிபோர்னியாவில் ராபர்ட் பியரி என்னும் கப்பல், அடிமரம் இட்டது முதல் நான்கு நாள் பதினைந்தரை மணி நேரத்தில் நீரில் இறங்கியது. அஃது ஊரறிய நிகழ்த்திய ஒரு வித்தை. எல்லாக் கப்பலையும் அவ்வாறு கட்டவில்லை. ஆயினும் பதினெட்டுத் தளங்களில், நான்கே ஆண்டுகளில், 2,710 கப்பல்கள் கட்டி முடிக்கப்பட்டன என்பது வித்தையன்று.

இவை நீடித்து உழைப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஐந்தாண்டு ஓடினால் போதும் என்பது கணக்கு. இந்த 'இப்போதைக்குப் போதும்' என்னும் கணக்கை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். இக்கப்பலின் கதையில் அது மீண்டும் மீண்டும் வரும்.

அவசரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1943 ஜனவரி 16ஆம் நாள் இரவு, ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், புதிதாகக் கட்டி முடித்து அமைதியான நீரில் கட்டிவைத்திருந்த எண்ணெய்க் கப்பலொன்று பேரொலியுடன் நடுவே பிளந்தது. அது லிபர்ட்டி வகையன்று. ஆயினும் அதே முறையில் பற்றவைக்கப்பட்டது. லிபர்ட்டிக் கப்பல்களிலும் பலவற்றில் விரிசல்கள் கண்டன. சில கடலிலேயே இரண்டாக உடைந்தன. பற்றவைத்தவர்களின் கைத்தவறே காரணம் எனப் பலர் கருதினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்னும் அம்மையார் ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். அந்த எஃகு, குளிர் மிகுந்த நிலையில் வளைந்துகொடுக்கும் தன்மையை இழந்து கண்ணாடிபோல் நொறுங்குகின்றது என்பதே அது. தறையாணி அறைந்த கப்பலில் ஒரு தகட்டில் தோன்றிய விரிசல் அத்தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலிலோ தகடுகள் அனைத்தும் ஒரே உடலாதலின், விரிசல் தடையின்றி ஓடும். சரக்கறை வாய்களின் கூரிய மூலைகளில் அது பெரும்பாலும் தொடங்கியது. பின்னர் அம்மூலைகளை வளைத்தும் வலுவூட்டியும் குறையைப் பெரிதும் நீக்கினர். இன்றும் பொறியியல் மாணவர்கள் உலோக முறிவைப் பற்றிப் படிக்கையில் இக்கப்பல்களே முதல் எடுத்துக்காட்டு.

நம் கப்பல் 1943ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில், செயிண்ட் ஜான்ஸ் ஆற்றங்கரைத் தளத்தில் கட்டப்பட்டது. அத்தளத்தில் உருவான 82 லிபர்ட்டிக் கப்பல்களுள் அஃது ஏழாவது. ஜூன் மாதம் நீரில் இறங்கியது. லிபர்ட்டிக் கப்பல்களுக்கு மறைந்த பெருமக்களின் பெயரைச் சூட்டுவது வழக்கமாதலின், இதற்கு ரிச்சர்ட் மாண்ட்கோமரி என்னும் பெயர் அமைந்தது. அவர் அயர்லாந்தில் பிறந்து, பிரிட்டிஷ் படையில் பணியாற்றி, பின்னர் அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் சேர்ந்து, 1775ஆம் ஆண்டின் இறுதி நாளன்று கியூபெக் நகர் முற்றுகையில் பிரிட்டிஷ் படையை எதிர்த்து மாண்ட தளபதி. பிரிட்டனை எதிர்த்து மாண்டவரின் பெயர், பிரிட்டனுக்குத் துணைசெய்ய வந்த கப்பலுக்கு அமைந்தது வரலாற்றின் விளையாட்டு எனலாம்.

1944 ஜூன் 6ஆம் நாள் நேசப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. அம்மாத இறுதியில் செர்பூர் துறைமுகம் அவர்கள் வசமாயிற்று. இனி வேண்டியவை குண்டுகள். ஆகஸ்டு மாதம் ரிச்சர்ட் மாண்ட்கோமரி பிலடெல்பியாவில் 6,127 டன் வெடிபொருள்களை ஏற்றிக்கொண்டு, கப்பல் அணியொன்றில் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்தது. தேம்சுக் கழிமுகத்தில் தங்கி, செர்பூர் செல்லும் மற்றோர் அணியில் சேர்வதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது கட்டளை. நீர்மூழ்கிகளுக்குத் தப்பிக் கடலைக் கடந்தாயிற்று. எஞ்சியிருந்தது சிறு தொலைவே.

அங்குத் துறைமுக அதிகாரி அதற்கு ஒதுக்கிய இடம் ஷீர்னெஸ் நடுமணல் என்னும் திட்டின் அருகில் இருந்தது. கப்பலின் மிதப்பாழம், அதாவது நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அளவு, அன்று 31 அடி. இவ்வகைக் கப்பலுக்கு இயல்பான அளவு 28 அடி. ஆகஸ்டு 20 மறைமதி கழிந்த இரண்டாம் நாள். கடல் மிக உயர்ந்து மிகத் தாழும் காலம். நீர் வற்றியபோது கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு மணல் திட்டை நோக்கி நகர்ந்தது. அருகில் நின்ற கப்பல்கள் அதனைக் கண்டு சங்கொலி எழுப்பி எச்சரித்தன. தலைவரோ தம் அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். முதல் அதிகாரி அவரை எழுப்பவில்லை. ஏன் எழுப்பவில்லை என்பதற்குப் பின்னர் நடந்த விசாரணையில் அவரால் விடை கூற இயலவில்லை. கப்பல் மணலில் ஏறி நின்றது. பெரும் பெருக்கின்போது ஏறிய கப்பல், அதே அளவு பெருக்கு மீண்டும் வரும்வரை அசையாது. இடையில் ஒவ்வொரு வற்றத்தின்போதும் அதன் நடுப்பகுதி மட்டும் திட்டில் தாங்கப்பட, முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான டன் குண்டுகளின் எடை கீழ்நோக்கி இழுத்தது.

விசாரணைக் குழு, அதிகாரி ஒதுக்கிய இடமே கப்பலை இடருக்குள்ளாக்கியது என முடிவு செய்தது. கப்பல் தலைவர் ஒரு வாரத்துக்குள் மீண்டும் பணிக்குத் திரும்பினார். அம்முடிவு நேர்மையானதே என்பது என் கருத்து. ஆனால் உறங்கியவரை எழுப்பாத அந்த ஒரு கணத்தை எந்தத் தீர்ப்பாலும் விளக்கிவிட முடியாது.

ஆகஸ்டு 23ஆம் நாள் சரக்கை இறக்கும் வேலை தொடங்கியது. கப்பலின் சொந்தப் பாரந்தூக்கிகளைக் கொண்டே துறைமுகத் தொழிலாளர் குண்டுகளைத் தூக்கி வேறு கலங்களுக்கு மாற்றினர். மறுநாளே உடல் பிளந்து, முன்புறச் சரக்கறைகளில் நீர் புகுந்தது. இது மேலே சொன்ன குளிர் முறிவன்று. எடை தாங்காது முதுகொடிந்த பிளவு. தொழிலாளர் அஞ்சி ஓடவில்லை. காலடியில் கப்பல் பிளந்துகொண்டிருக்க, ஏறத்தாழ ஒரு மாதம் அவ்வேலை நடந்தது. அவர்கள் பெயரால் எந்த நினைவுச் சின்னத்தையும் பற்றி நான் படித்ததில்லை. செப்டம்பர் 25ஆம் நாள் பணி கைவிடப்பட்டது. பின்புறச் சரக்கறைகள் வெறுமையாகியிருந்தன. நீர் புகுந்த முன்புறத்தில் சுமையில் ஏறத்தாழ பாதி எஞ்சியது. போர் நடந்துகொண்டிருந்தது, ஆட்களுக்கும் கலங்களுக்கும் வேறு வேலை காத்திருந்தது. இப்போதைக்கு இருக்கட்டும் என விட்டனர்.

அத்தகைய சுமை என்ன செய்யவல்லது என்பதை உலகம் அதற்கு நான்கு திங்களுக்கு முன்புதான் கண்டிருந்தது. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற போர்ட் ஸ்டிகைன் என்னும் கப்பலில் தீப்பற்றியது. அது கனடாவில் கட்டப்பட்டதாயினும், சண்டர்லாந்து வரைபடத்தின் வழிவந்ததே. ரிச்சர்ட் மாண்ட்கோமரிக்கு ஒருவகையில் உடன்பிறப்பு. அதில் பஞ்சுப் பொதிகளும் தங்கக் கட்டிகளும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் இருந்தன. மாலை நான்கு மணி அளவில் ஒரு முறையும், அரைமணி கழித்து மறுமுறையும் வெடித்தது. துறைமுகப் பகுதி எரிந்தது. இறந்தோர் தொகை 800 முதல் 1,300 வரை பலவாறாகக் கூறப்படுகின்றது. நெடுந்தொலைவிலுள்ள சிம்லாவின் நிலநடுக்கமானியும் அவ்வதிர்ச்சியைப் பதிவு செய்தது. அந்த 1,400 என்னும் எண்ணையும் தேம்சுக் கழிமுகத்தில் எஞ்சிக் கிடக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு, ஷீர்னெஸ் மக்களின் நிலை விளங்கும்.

போர் முடிந்தது. ஆனால் வேலையை மீண்டும் தொடங்கவில்லை. தொட்டால் வெடிக்குமோ என்ற அச்சம் ஒருபுறம். விட்டால் நீரில் கரைந்து கேடற்றதாகும் என்ற நம்பிக்கை மறுபுறம். 1967இல் நடந்த ஒரு நிகழ்ச்சி முதல் அச்சத்தை உறுதி செய்தது. போர்க்காலக் குண்டுகளுடன் 1946இல் போக்ஸ்டன் நகருக்கு அப்பால் மூழ்கிய கீல்சே என்னும் போலந்துக் கப்பலை அகற்ற முயன்றபோது, அது வெடித்தது. கடலடியில் இருபது அடி ஆழப் பள்ளம் விழுந்தது. கரையிலிருந்த மக்கள் நிலநடுக்கம் என அஞ்சினர். உயிர்ச்சேதமில்லை. கீல்சேயில் இருந்த வெடிமருந்து ரிச்சர்ட் மாண்ட்கோமரியில் உள்ளதைவிடக் குறைவு. அது கிடந்த இடமும் கரைக்கு இத்துணை அருகில் இல்லை. 1970இல் செய்த ஒரு கணிப்பின்படி, ரிச்சர்ட் மாண்ட்கோமரி முழுவதும் ஒருங்கே வெடித்தால் நீரும் சேறும் மூவாயிரம் மீட்டர் உயரம் எழும்; ஐந்து மீட்டர் உயர அலை தோன்றும்; ஷீர்னெஸ் நகரின் கண்ணாடிச் சாளரங்களுள் உடையாதது அரிதாகும்.

1973இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கப்பற் சிதைவுகளைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. பழம்பொருள்களைக் காப்பதற்கான அச்சட்டத்தின் மற்றொரு பிரிவு இடர்மிக்க சிதைவுகளை அணுகுவதைத் தடுக்கின்றது. அதன்கீழ் ரிச்சர்ட் மாண்ட்கோமரியைச் சுற்றி மிதவைகள் இட்டு, எவரும் உட்புகாதவாறு எல்லை வகுத்தனர். கண்காணிப்புக் கருவிகள் இரவும் பகலும் அதனை நோக்குகின்றன. எனினும் மெட்வே ஆற்றுக்குச் செல்லும் கப்பல் வழி அதற்குச் சில நூறு மீட்டர் தொலைவிலேயே இருக்கின்றது. அவ்வாற்று வாயிலில், கிரெய்ன் தீவில், 2005 முதல் இயற்கை எரிவளி இறக்கும் நிலையமும் இயங்குகின்றது.

உள்ளே கிடப்பவற்றைப் பற்றி வல்லுநரிடையே ஒரே கருத்து இல்லை. குண்டுகளில் அடைத்துள்ள டி.என்.டி. என்னும் மருந்து நீரில் கரைவதில்லை; தகட்டுக்குள் அடைபட்டிருக்கும்வரை வீரியம் குறைவதில்லை. பெருங்குண்டுகளில் வெடிதூண்டி பொருத்தப்படவில்லை. கொத்துக் குண்டுகளிலோ வெடிதூண்டிகள் பொருத்தியே அனுப்பப்பட்டன. இத்தனை ஆண்டு உப்புநீரில் அவை செயலிழந்திருக்கலாம், அல்லது வேதி மாற்றத்தால் முன்னிலும் எளிதில் வெடிக்கும் பொருளாகியிருக்கலாம். எடுக்க முற்பட்டால் நகர மக்களை வெளியேற்ற வேண்டும். துறைமுகத்தை மூட வேண்டும். விட்டுவைத்தால் தகடுகள் துருவேறி, ஒருநாள் தளம் இடிந்து குண்டுகள் மேல் விழலாம். இரு தரப்பிலும் பொருளுண்டு. ஆனால் 'விட்டுவைப்பதே பாதுகாப்பு' என்னும் முடிவு ஒருமுறை ஆராய்ந்து எடுத்ததன்று. ஒவ்வோர் ஆட்சியும் முன்னைய ஆட்சியிடமிருந்து பெற்று, அடுத்ததன் கையில் கொடுத்தது. முதலில் எடுத்திருந்தால் எளிதாயிருக்கும் என்பதை இன்று பலரும் ஒப்புவர். அந்த 'முதல்' எந்த ஆண்டில் முடிந்தது என்று எவராலும் சொல்ல இயலாது.

2020இல் அரசாங்கம் ஒரு முடிவு செய்தது. நீருக்கு மேல் நிற்கும் கம்பங்களின் எடை, நலிந்துவரும் தளத்தை அழுத்துவதால், அவற்றை வெட்டிக் குறைப்பது என்பது அது. வேலை தொடங்குமுன் செய்த ஆய்வில் கம்பங்களைச் சுற்றிலும் கடலடியில் இனமறியாப் பொருள்கள் பல கிடக்கக் கண்டனர். வேலை தள்ளிப்போயிற்று, மீண்டும் தள்ளிப்போயிற்று. 2025இல் அவ்விடத்துக்கு மேலே தாழப் பறக்கவும் தடை விதித்தனர்.

உடன்கட்டிய கப்பல்கள் என்னவாயின? போருக்குப் பின் எஞ்சியவற்றுள் பல கிரேக்க நாட்டுக் கப்பல் முதலாளிகள் கைக்குச் சென்றன. ஐந்தாண்டு எனக் கணக்கிட்டவை இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைத்து, துறைமுகம் துறைமுகமாகச் சரக்குச் சுமந்து, பின்னர் இரும்புக்காக உடைக்கப்பட்டன. ஓடும் நிலையில் காக்கப்பட்டவை இரண்டு. அவற்றுள் ஜெரிமையா ஓப்ரையன் என்பது 1994இல், நார்மண்டி இறக்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அதே பழைய நீராவிப் பொறியால் ஓடிச் சென்றது. இயக்கியோர் பலர் முதியவர்கள். சென்ற இடமெல்லாம் மக்கள் கூடி வரவேற்றனர்.

ரிச்சர்ட் மாண்ட்கோமரி கடலில் இருந்த காலம் பதினான்கு திங்கள். மணலில் கிடந்த காலம் எண்பது ஆண்டுக்கு மேல். ஷீர்னெஸ் மக்கள் அதனோடு வாழப் பழகிவிட்டனர். நகரின் சுவரொன்றில் ஓவியர் ஒருவர், கடற்கன்னி ஒருத்தி வெடிப்புப் பொறியின் பிடிமேல் கைவைத்துச் சிரிப்பதாகத் தீட்டியிருக்கின்றார். அச்சத்தைச் சிரிப்பாக்குவதும் ஒரு துணிவே. அங்குப் பிறந்து வளர்ந்த முதியவர்களிடம் கேட்டால், அது வெடிக்காது என்பாரும் உளர். எந்நாளும் வெடிக்கலாம் என்பாரும் உளர்.

காலந்தோறும் அளவைப் படகொன்று அங்குச் செல்கின்றது. ஒலியலைகளைக் கடலடிக்குச் செலுத்தி, கப்பலின் உருவத்தை வரைந்தெடுத்து, முன்னைய படத்தோடு வைத்து ஒப்பிடுகின்றனர். பிளவு எவ்வளவு அகன்றது, எந்தத் தகடு சரிந்தது, கம்பங்கள் எத்துணை சாய்ந்தன என்று குறித்துக்கொள்கின்றனர். அறிக்கை எழுதப்படுகின்றது. பின் அடுத்த அளவைக்கு நாள் குறிக்கின்றனர்.